எந்தப் பந்தியில் உட்காருவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நாலைந்து பேர் பேசிக்கொண்டு நின்றோம். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஓர் இளைஞர் அருகில் வந்து நின்றார். மற்றவர்கள் கலையும் வரை காத்திருந்து, "சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சுவாமியாரிடம் கேட்கக் கூச்சமாயிருக்கிறது" என்றார். கேட்ட கேள்வி சிறியதுதான். ஆனால் அன்று என்னால் அதற்குச் சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். யோசித்ததை நம் பங்குக் குடும்பங்களுக்கு முன் வைக்கிறேன். கடல் கடந்து உழைக்கும் பிள்ளையோ, மருமகனோ, உடன்பிறந்தானோ இல்லாத வீடுகள் இப்பொழுது நம்மில் குறைந்து வருகின்றன அல்லவா?

அவர் கதை இது. ஆறு வருடங்களுக்கு முன் கட்டட வேலைக்குப் போனார். முதல் இரண்டு வருடம் சாரம் கட்டும் கூட்டத்தில் உதவியாள். தொழிலாளர் தங்கும் இடத்தை அங்கே 'கேம்ப்' என்பார்களாம். அதில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் தமிழர். மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தார். முறை வைத்துச் சமையல். பிறகு இவருக்குக் கணக்கும் கொஞ்சம் ஆங்கிலமும் வரும் என்று கண்டு, கம்பெனியில் இவரை டைம்கீப்பராக்கி ஆபீஸில் உட்கார வைத்தார்கள். அங்கே உடன் வேலை செய்பவர்கள் ஒரு பிலிப்பீன்காரர், ஓர் எகிப்தியர், ஒரு மலையாளி, ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர். வாரக் கடைசி இரவில் இவர்களெல்லாம் சேர்ந்து ஓட்டலுக்குப் போவது வழக்கம். இவரையும் கூப்பிட்டார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்கள் வேதத்தில் குடிக்கக் கூடாது. குடிக்கிற மேசையில் உட்காரவும் கூடாது" என்றார். எகிப்தியர் மரியாதையோடு தலையசைத்தார். அவர் மார்க்கத்தில் அப்படித்தானே! விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. துபாயில் தேவமாதா பேரால் ஒரு பெரிய கோவில் உண்டு. 1960களில் அந்நாட்டு ஷேக் அளித்த நிலத்தில் எழுந்தது. வெள்ளிக்கிழமையே அங்கு விடுமுறை நாளாயிருந்ததால், வெள்ளிக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமிராது. நம்மவர் ஒருநாள் பூசை முடிந்து வெளியே வருகிறார். எதிரே அந்தப் பிலிப்பீன்காரர், மனைவி பிள்ளைகளோடு வருகிறார். நம் வேதம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லவில்லையாம், சிரித்தாராம். "அந்தச் சிரிப்பு ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை, சார்" என்றார்.

அதன்பின் வெட்கத்தால் அவர்களோடு போகத் தொடங்கினார். பழரசம் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம் ஒன்றை யாரோ கைப்பேசியில் அனுப்ப, அது ஊருக்கு வந்து, தாயார் கண்ணில் பட்டது. மேசைமேல் இருந்த நாலு பாட்டில்களில் தம் மகனுடையது எது என்று படத்தில் தெரியவில்லை. தாயாருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அன்றிரவே தொலைபேசியில் அழுகை.

"போகலாமா, போகக் கூடாதா?" இதுதான் கேள்வி.

முதலில் குடியை எடுத்துக்கொள்வோம். தாய்மார்களுக்கு அதுதானே பயம். அந்தப் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். குடியால் அழிந்த குடும்பங்களை அறிய நாம் துபாய்க்குப் போக வேண்டியதில்லை. நம் தெருவிலேயே இரண்டொன்று உண்டு. என்றாலும், நம் வேதம் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லலாகாது. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதைப் பற்றித் தெளிவாய் எழுதியிருக்கிறார். மதுபானம் தன்னிலே பாவமன்று, சந்தர்ப்பத்தால் பாவமாகலாம். குடித்தால் தாங்காதவன், குடிப்பதில்லை என்று வார்த்தைப்பாடு கொடுத்தவன், அளவு மீறுகிறவன், தன் குடியால் பிறருக்குத் துர்மாதிரிகையாகிறவன், இவர்களுக்கு அது ஆகாது. நம் இளைஞர் தம் தந்தை எதனால் இறந்தார் என்பதை எண்ணிக் குடிப்பதில்லை என்று தீர்மானித்தவர். அது நியாயமான காரணம், கௌரவமான காரணம். அதைச் சொல்லியிருக்கலாம். "நான் குடிப்பதில்லை, ஆனால் உங்களோடு வருகிறேன்" என்ற சொற்களில் யாருக்கும் குறைவில்லை. அதை விட்டு, வேதத்தைத் திரைச்சீலையாக இழுத்துப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிலிப்பீன்காரரின் சிரிப்பு உறுத்தியது அதனால்தான்.

இங்கே ஒரு வார்த்தை. வெளியூரில் நம்மவர் பலர் இதைச் செய்கிறார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலும், கூட்டம் பிடிக்கவில்லை என்றாலும், செலவுக்குப் பயம் என்றாலும், "எங்கள் மதத்தில் கூடாது" என்று சொன்னால் கேட்பவர் மறுத்துப் பேச மாட்டார். சுலபமான கதவு அது. ஆனால் நம்மைப் பார்த்துத்தான் அந்த மனிதர்கள் நம் வேதத்தை அறிகிறார்கள். நமக்குப் பிடிக்காததையெல்லாம் சர்வேசுரன் தலையில் சுமத்தலாமா?

அதே அர்ச். தோமாஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அதை நம்மில் அநேகர் கேட்டிருக்கமாட்டோம். மிதமிஞ்சிய கேளிக்கை பாவம் என்று சொன்ன அவரே, கேளிக்கையே இல்லாமலிருப்பதும் குற்றமாகலாம் என்கிறார். தானும் மகிழாமல், பிறருடைய மகிழ்ச்சிக்கும் இடையூறாய், கூட இருப்பவருக்குப் பாரமாயிருப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து. மிதமிஞ்சியதைவிட இது சிறிய குற்றம் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தார். முகத்தை உம்மென்று வைத்திருப்பதே பக்தி என்று எண்ணும் சிலர் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உடன் உழைப்பவரோடு கலந்து பழகுவது வெறும் பொழுதுபோக்கும் அன்று. சாரத்தின் மேல் நிற்பவன் உயிர், கீழே குழாயைப் பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. அவன் நேபாளியாயிருக்கலாம், வங்காளியாயிருக்கலாம். "பிடி", "விடு", "நில்" என்ற மூன்று வார்த்தைகளையாவது ஒருவர் மொழியில் ஒருவர் கற்காவிட்டால் கதி என்ன? அந்த வார்த்தைகள் வேலை நேரத்தில் வருவதில்லை; சோற்று நேரத்தில் வருகின்றன. ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்று விதி. அந்த இரண்டரை மணி நேரம் கூரைக் கொட்டகையில் பத்து ஜாதி மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடப்பார்களாம். அங்கேதான் ஒருவன் பெயரை ஒருவன் கேட்கிறான். ஊரில் தகப்பனார் இறந்தார் என்று செய்தி வந்தால், பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் ஆபீஸில் ஓடுகிறவன் அண்ணனோ தம்பியோ அல்ல, அந்தக் கொட்டகையில் பக்கத்தில் படுத்தவன். நமது ஆண்டவர் அயலான் யார் என்று காட்டச் சொன்ன உவமையும் பயணத்தில் நடந்த கதைதான். அதில் உதவினவனும் அந்நியன்தான்.

இனி, நம் மனதிலிருக்கும் மற்ற அச்சம் பிற மதத்தாரின் விருந்து. இதில் நம் பிள்ளைகள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். ரம்ஜான் மாதத்தில் அங்கே எல்லோருக்கும் நாளுக்கு இரண்டு மணி வேலை நேரம் குறையும். நோன்பிருக்கும் பாக்கிஸ்தானியர் எதிரில் தண்ணீர் குடிக்காமல், மறைவாய்ப் போய்க் குடித்து வருவதை நம் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். தபசு காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரித்து வளர்ந்தவனுக்குப் பிறன் நோன்பை மதிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சாயந்தரம் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் நீட்டினால் வாங்கி உண்பதில் தவறென்ன? அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், அவிசுவாசி ஒருவன் அழைத்து, போகவும் உனக்கு விருப்பமிருந்தால், படைத்ததைக் கேள்வி கேளாமல் உண்ணலாம் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால் மட்டும், அவன் மனச்சாட்சியை முன்னிட்டு விலக வேண்டும் என்கிறார். இதைவிடத் தெளிவு வேண்டுமா?

ஆகவே, "போகலாம், குடிக்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம்" என்று அவருக்கு மறுமொழி சொல்லி அனுப்பியிருக்கலாம். கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் பேச்சினிடையே அவர் தற்செயலாய் ஒன்று சொன்னார். "முதலில் கேம்பில் இருந்தோமே, அந்த அறைப் பையன்கள் என்னை இப்போது 'துரை' என்று கூப்பிடுகிறார்கள், சார். நான் அங்கே போய் ஒரு வருடமாகிறது." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்று. கேட்காத கேள்வி வேறு.

இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது நம் மதுரையிலேயே நடந்த ஒரு பழைய சம்பவம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நம்மவர் கதைக்கு முன்னே, வெளிநாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர் ஒருவரின் கதை. தெ நொபிலி சுவாமியாரைத்தான் சொல்கிறேன். நம் முன்னோர் தத்துவ போதகர் என்று அழைத்த அவர், இத்தாலி தேசத்துப் பிரபுகுலத்தில் 1577ல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். அப்போது இங்கே ஆண்டவர் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர். வந்த சுவாமியார் என்ன கண்டார்? ஐரோப்பியருக்கு இங்குள்ள பெயர் 'பறங்கி'. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், ஆசாரம் அற்றவன் என்பதே ஜனங்களின் அபிப்பிராயம். பறங்கி வேதம் என்று சொன்னதுமே பெரியோர் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனவே அவர் காவி உடுத்தார். மரப் பாதுகை போட்டார். மாமிசத்தையும் மதுவையும் விட்டு, அரிசியும் காய்கறியும் பாலும் ஒருவேளை உண்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். சிவதர்மர் என்னும் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் போதித்தார். இதெல்லாம் நமக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலும் பிரசங்கங்களிலும் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறோம். வேற்று நாட்டில் அந்நாட்டார் பந்தியில் எப்படி உட்காருவது என்பதற்கு இவரைவிட உதாரணம் ஏது?

ஆனால் அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியார், போர்த்துக்கல் தேசத்தார், சேசு சபையில் சேருமுன் போர்வீரராயிருந்தவர். தெ நொபிலி வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பிருந்தே மதுரையில் தனியாக உழைத்தார். கடற்கரையிலிருந்து வரும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஞானகாரியங்கள் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடமும் ஒரு மருந்துச்சாலையும் நடத்தினார். அக்கம்பக்கத்தார் அவரை நல்லவர் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் வேதத்தில் மட்டும் ஒருவரும் சேரவில்லை. அப்படி வயதும் அநுபவமும் உள்ள அவரிடம் இருபத்தொன்பது வயது வாலிபர் வந்து சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் வாலிபர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். இருவரும் ஒன்றாய் உண்பது நின்றது. காரணம் வெளிப்படை. பறங்கியோடு உண்டால் தாமும் பறங்கியே என்று ஆகிவிடும்.

"நான் பறங்கியல்ல" என்று தெ நொபிலி பகிரங்கமாய் அறிவித்தார். அவர் இத்தாலியர்; போர்த்துக்கீசியர் அல்லர். அவ்வளவில் அது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் இருந்த பெர்னாண்டஸ் அந்த அறிவிப்பைக் கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே சபை, ஒரே பீடம், ஒரே வேலை. அவன் பறங்கியல்ல என்றால், நான்தானே பறங்கி!

பெர்னாண்டஸ் 1610ல் மேலதிகாரிகளுக்கு முறையீடு எழுதினார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் போயிற்று. 1619ல் கோவாவில் பெரிய சபை கூடி விவாதித்தது. முடிவில் 1623 ஜனவரி 31ந் தேதி பாப்பரசர் 15ம் கிரகோரியார் தெ நொபிலியின் முறைக்கு அனுமதி அளித்தார். அந்தத் தீர்ப்பைப் பற்றி நமக்குத் தர்க்கமில்லை. தெ நொபிலியின் வழி சரியே. அந்நியர் வீட்டுக்குள் போக விரும்புகிறவன் தன் செருப்பை வாசலில் கழற்றத்தான் வேண்டும். பெர்னாண்டஸின் முறையீட்டில் பொறாமை கலந்திருந்தது என்று சிலர் சொல்வதையும் நான் மறுக்கவில்லை, மனிதர்தானே. இருந்தாலும் 1616ல் அதே பெர்னாண்டஸ் பிராமணரின் சடங்காசாரங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதினார். தம் சகாவுக்கு மறுப்பாகவே எழுதினார். ஆனால் மறுக்க வேண்டியாவது இந்நாட்டு ஆசாரத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார். அவரை அறிவிலி என்று தள்ளிவிட்டு, மற்றவரை மட்டும் மேதை என்று கொண்டாடுவது முழு நீதியன்று.

இன்னும் ஒன்று. உயர்ந்தோர் எனப்பட்டவரோடு உட்காரப் போனதால், தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்குப் பகிரங்கமாய்ப் போக அந்தச் சுவாமியாருக்கு வழியில்லாமற் போயிற்று. இதைச் சரிப்படுத்த 1640ம் ஆண்டளவில் பண்டாரசாமிகள் என்று வேறொரு பிரிவு வேதபோதகர்கள் ஏற்பட்டார்கள். ஓரியூரில் 1693ல் இரத்தம் சிந்திய நம் அர்ச். அருளானந்தரும் பண்டாரசாமியாய் உழைத்தவரே. ஆனால் அந்த ஏற்பாட்டிலும், ஒரே சபைச் சந்நியாசிச் சுவாமியாரும் பண்டாரசாமியும் பலர் அறிய ஒன்றாய் உட்கார்ந்து உண்ண முடியாது. பந்தி மாறியவர் கொடுத்த விலையில் ஒரு பங்கை, பந்திக்கே வர முடியாதவர்கள் கொடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, வேதாகமத்திலேயே இதே வழக்கு உண்டு என்பது ஞாபகம் வந்தது. கலாத்தியருக்கு எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அந்தியோக்கியா பட்டணத்தில் அர்ச். இராயப்பர் புறஜாதிகளிலிருந்து வந்த விசுவாசிகளோடு சேர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாகப்பரைச் சேர்ந்த சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதரும், பர்னபாஸும் கூட விலகினார்கள். சின்னப்பர் எல்லார் முன்னிலும், முகத்துக்கெதிரே அவரைக் கண்டித்தார். தலைமை அப்போஸ்தலரைக் கண்டிக்கும் அளவுக்கு இதில் என்ன பெரிய விஷயம், சாப்பாட்டுக் காரியந்தானே என்று நான் சிறுவயதில் எண்ணியதுண்டு. இப்போது அப்படி எண்ணவில்லை. இராயப்பர் யூதரோடு உண்டது குற்றமன்று. புறஜாதியாரோடு உண்ணாதிருந்தாலும் அது ஒருவேளை மன்னிக்கத்தக்கதே. நேற்றுவரை கூட உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்து, பெரியவர்கள் பார்க்கிறார்கள் என்று எழுந்தாரே, அதுதான் குற்றம். எழுந்து போனவருக்குப் புதுப்பந்தியின் கவலை. விடப்பட்டவனுக்கோ, நான் அசுத்தன் என்ற எண்ணம்.

தெ நொபிலியும் இராயப்பரும் செய்தது ஒன்றா? ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். தெ நொபிலி பயந்து எழவில்லை, மறைக்கவுமில்லை. சொந்தச் சுகத்தை விட்டுக்கொடுத்து, ஒருவேளைச் சோற்றுக்கு இறங்கினார். புதுப்பந்தியில் அவருக்குக் கிடைத்தது பட்டினிதான், பதவியல்ல. மேலும் அக்காலத்துச் சமுதாயக் கட்டு இரண்டு பந்தியிலும் ஒருவனை உட்கார விடாது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போயிற்று. துபாயில் அப்படி யார் கட்டு வைத்தார்கள்? டைம்கீப்பர் ஆபீஸாரோடு ஓட்டலுக்குப் போனால், கேம்புக்குப் போகக் கூடாது என்று எந்த நாயக்கர் ஆணையிட்டார்? நம் இளைஞரைத் தடுத்தது எதுவென்று அவரே பிறகு சொன்னார். கேம்ப் வாசலில் இவர் நிற்பதை இஞ்சினீயர் காரில் போகும்போது ஒருநாள் பார்த்துவிட்டாராம். மறுநாள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவும் இல்லையாம். அவ்வளவே. எருசலேமிலிருந்து வந்தவர்களாவது ஏதேனும் சொல்லியிருப்பார்கள்!

கேம்ப் அறையார் பக்கமே முழு நியாயம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 'நம்மவரோடு மட்டும்' என்பதும் ஒரு குறைதான். சிங்கப்பூரில் பத்து வருடம் உழைத்துத் திரும்பிய ஒருவரைக் கேட்டேன். கூட வேலை செய்த சீனர் எவர் வீட்டிலாவது ஒரு வாய் தேநீர் குடித்ததுண்டா என்று. இல்லை என்றார். ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோட்டில் கூடுவது, ஊர்க்கதை பேசுவது, விடுதிக்குத் திரும்புவது. அதில் ஆறுதல் உண்டு. வாரமெல்லாம் வேற்றுமொழியில் நாக்கைக் கட்டி வைத்திருந்தவனுக்குத் தாய்மொழியில் பேசுவதே மருந்து. ஆனால் பல்லாயிரம் பேருக்கு ஒரே தெரு, ஒரே மாலை என்றாகும்போது, நெருப்பு பற்ற ஒரு பொறி போதும். 2013 டிசம்பர் 8ந் தேதி, நமக்கு அமல உற்பவத் திருநாள், அந்த வட்டாரத்தில் நம் நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறக்க, கலகம் மூண்டது. 2015ல் பொதுவிடங்களில் இரவு 10.30க்கு மேல் குடிக்கத் தடை வந்தது. வெளியாருக்கு நம்மவரைத் தெரியாது. நம்மவருக்கும் வெளியாரைத் தெரியாது. தெரியாதவர்களை ஆளச் சட்டத்தைத் தவிர வேறென்ன உண்டு?

கேம்பிலும் எல்லாம் சமபந்தி என்று எண்ணாதீர்கள். எட்டுப் பேரும் தமிழர் என்றேன் அல்லவா? "எந்த ஊர்?" என்று கேட்டு, அதோடு நிற்காமல் "ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கும் வழக்கம் விமானமேறிப் போயிருக்கிறது. பதில் பிடிக்காவிட்டால் அறை மாற்றிக் கேட்கிறவனும் உண்டாம். அரபிக் கடலைத் தாண்டிய பிறகும் இந்தக் கேள்வியைத் தாண்டவில்லை! நம் திருவாதவூருக்கும் கடல் கடந்த அந்தத் தேசத்துக்கும் உறவு புதிதல்ல. இவ்வூரில் பிறந்த பாண்டிய மந்திரி கப்பலில் வந்த குதிரைகளை வாங்கப் பொருளோடு போன கதையைச் சைவ அன்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் குதிரை அங்கிருந்து வந்தது. இப்பொழுது ஆள் இங்கிருந்து போகிறான். ஆளோடு நாம் எதைக் கட்டி அனுப்புகிறோம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். குடிக்காதே என்று சொல்லி அனுப்புகிறோம், பணம் அனுப்பு என்று சொல்லி அனுப்புகிறோம். யாரோடு உட்காருகிறாய் என்று கேட்கும்போது, பெரும்பாலும் நாம் கேட்பது, நம்மைவிடத் தாழ்ந்தவனோடு உட்காராதே என்ற அர்த்தத்தில்தான். அப்படி வளர்த்துவிட்டு, மேலே போனவன் கீழே உள்ளவனை மறந்தான் என்று பின்னர் ஆச்சரியப்படலாமா?

பத்து நாள் கழித்து அந்த இளைஞரை மறுபடியும் பார்த்தேன். இரண்டு நாளில் புறப்படுகிறார். மேலூர்க் கடைவீதியில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். ஆபீஸாரோடு அவர் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை என்றும், குடிக்காததன் காரணத்தைத் தம் வாயால் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னேன். பிலிப்பீன்காரருக்கு முன்னாலேயே சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். பிறகு கேம்பைப் பற்றிக் கேட்டேன். உடனே மறுமொழி வரவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"போய் நின்றால் என்ன சொல்லுவார்கள் என்று பயமாயிருக்கிறது, சார். வெறுங்கையோடு போக முடியாது. ஏதாவது வாங்கிக்கொண்டு போனால், துரை கொடுக்கிறார் என்பார்கள்."

"நீங்கள் அங்கே இருந்தபோது வெளியிலிருந்து யாராவது வந்தால் என்ன செய்வீர்கள்?"

"அன்றைக்கு யாருடைய முறையோ, அவன் கூட ஒரு படி அரிசி போடுவான்."

"சமைக்கிற முறை இன்னும் அப்படியேதான் நடக்கிறதா?"

"நடக்கும், சார். அந்தப் பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டினவனே நான்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை என் முறை. இப்போது அதை யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை" என்றார்.